வெளாட்டு மாப்ள

ஜெஸ்ஸி பிறந்த அன்றைக்கே ஜோயலுக்குப் பெண் பார்த்து முடித்தாகிவிட்டது. அப்போது மாப்பிள்ளைக்கு இரண்டு வயது, மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் தாய்மாமன் ஜெபகுமார் துணியில் சுற்றிய தன் மகளை அவன் முகத்துக்கு நேரே நீட்டி, "டேய் மாப்ள, உன் பொண்டாட்டி வந்துட்டா பாரு, புடி" என்றாராம். மாப்பிள்ளை அலறிக்கொண்டு அம்மாவின் முந்தானைக்குள் புகுந்துகொண்டானாம். வார்டே சிரித்ததாம். அதற்கப்புறம் கிறிஸ்துமஸ், காதுகுத்து, கருமாதி என்று சொந்தத்தில் நாலு பேர் கூடிய எந்த இடத்திலும் இந்தக் கதையைச் சொல்லாமல் யாரும் கை நனைத்ததில்லை.

அந்தச் சொந்தத்தில் கேலிக்கும் ஒரு வரைமுறை உண்டு. கண்டவரையும் கண்டபடி கேலி செய்துவிட முடியாது. பெரியப்பா மகளிடம் வாயைக் கொடுத்தால் முதுகில் விழும். அவள் தங்கை முறை, மரியாதையாக நாலு வார்த்தை பேசிவிட்டு நகர்ந்துவிட வேண்டும். மாமன் மகள், அத்தை மகன் என்றால் மட்டும் வாய்க்குப் பூட்டு கிடையாது. அவள் அவன் மூக்கைப் பழிக்கலாம், அவன் அவள் சமையலைப் பழிக்கலாம், பெரியவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து எடுத்துக் கொடுப்பார்கள். கட்டிக்கொள்ளும் முறை இருக்கிறவர்களுக்கு மட்டும் கிடைக்கிற சலுகை அது.

ஆனால் இந்தக் கல்யாணம் நடக்காது என்பதும் எல்லோருக்கும் தெரியும். ஜெபகுமாரும் அவர் மனைவி பிரிசில்லாவும் அத்தை மகன், மாமன் மகள்தான். ஜெஸ்ஸிக்கு முன்னால் ஒரு பையன் பிறந்து, கழுத்து நிற்காமலே கொஞ்ச காலம் கிடந்து, போய்விட்டான். சொந்தத்துக்குள்ளேயே கட்டிக்கொண்டதால் வந்த வினை என்று டாக்டர் சொன்னார். கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பிய ஜெபகுமார், இனி என் வீட்டில் சொந்தத்தில் கொடுக்கவும் மாட்டேன், எடுக்கவும் மாட்டேன் என்று ஆயர் முன்னால் சொன்னார். அப்பன் பாட்டன் அடுத்தவன் வயலில் நாற்று நட்ட குடும்பத்திலிருந்து வந்து, கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் ஒப்பந்தக் கூலியாக நுழைந்து, பரீட்சை மேல் பரீட்சை எழுதி நிரந்தர வேலையும் குவார்ட்டர்ஸும் வாங்கிய மனிதர். சொன்னால் சொன்னதுதான்.

நடக்காது என்று தெரிந்ததால்தான் அத்தனை தாராளமாகக் கேலி செய்தார்கள். நடக்கக்கூடிய விஷயமாக இருந்திருந்தால் வாயை மூடிக்கொண்டு நகையைப் பற்றிப் பேசியிருப்பார்கள். இது அந்தச் சொந்தத்தில் சின்னப் பிள்ளைகளுக்குக்கூடப் புரிந்தது, ஜோயல் மண்டையில் மட்டும் ஏறவில்லை. பாவி, நம்பினான்.

அவனுக்கு வீடு திருப்போரூரைத் தாண்டி ஒரு காலனியில். வேலை சிறுசேரியில், ஒரு பெரிய கண்ணாடிக் கட்டடத்தில். யாருடைய கம்ப்யூட்டர் மக்கர் செய்தாலும் அவன்தான் போய் மேஜைக்கடியில் தலையை விட வேண்டும். ஜெஸ்ஸிக்கு அதே வளாகத்தில் வேறொரு கம்பெனி. காலையில் கல்பாக்கத்திலிருந்து மாமல்லபுரம் வழியாக வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்து சீட்டில் தன் பையைச் சாமி மாதிரி உட்கார்த்தி வைத்துக்கொண்டு வருவாள். பூஞ்சேரியில் ஏறுகிறவர்களும் ஆலத்தூரில் ஏறுகிறவர்களும் அந்தப் பையை முறைத்துவிட்டு, "இங்க யாராவது வராங்களாம்மா?" என்று கேட்பார்கள்.

"எங்க வூட்டுக்காரரு வராரு. திருப்போரூர்ல ஏறுவாரு. கால்ல அடி, நிக்க முடியாது."

ஜோயல் ஏறினால் பஸ்ஸே வழிவிடும். கூடையோடு நிற்கிற அம்மா ஒருத்தி, "பாத்து வாப்பா, உன் சம்சாரம் எடம் புடிச்சு வச்சிகினு கீது" என்பாள். நன்றாக இருக்கிற காலை நொண்டியபடி அவன் வந்து உட்காரும்போது இரண்டு காதும் சிவந்துபோயிருக்கும். ஜெஸ்ஸி துப்பட்டாவை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்குவாள்.

"நாளைக்கு இன்னாடி சொல்லப் போற?"

"நாளைக்கு உனக்குக் கண்ணு தெரியாதுன்னு சொல்லப் போறேன். குச்சி எட்த்துகினு வா."

அந்தச் சிவந்த காதுதான் எல்லாவற்றுக்கும் காரணம். ஒருநாள் போனை அவன் மூக்குக்கு நேரே நீட்டி, "டேய், உன்ன மாதிரியே ஒரு லூசு கீறான்டா, பாரேன்" என்று ஒரு ஜப்பான் கார்ட்டூன் தொடரைக் காட்டினாள். கார்ட்டூன் என்றால் எலியும் பூனையும் அல்ல. கடலோரத்தில் ஒரு சின்ன ஊர், அதில் ஒரு பள்ளிக்கூடம். மதிய இடைவேளையில் பாட்டும் அறிவிப்பும் போடுகிற ஒலிபரப்பு அறையில் ஒரு பையன், ஒரு பெண். அவள் நாள் பூரா அவனைக் கிண்டலடிக்கிறாள். பந்தயம் கட்டுகிறாள், ஜெயிக்கிறாள், அவன் காது சிவக்கிறது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டு, மைக்கை அணைத்துவிட்டு, அவனைப் பார்த்து ஏதோ ஒரு வாக்கியம் சொல்கிறாள். அவன் ஓடிவந்து "என்ன சொன்னே?" என்றால், "ஒன்றும் சொல்லவில்லையே, ஏன், என்ன எதிர்பார்த்தாய்?" என்கிறாள். அவ்வளவுதான் கதை. இரண்டு சீசனாக அதே கதை. ஆளுக்கு ஒரு காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு, தமிழில் பேச வைத்திருந்த அந்தத் தொடரைத் தையூர் ஏரிக்கும் கேளம்பாக்கம் நெரிசலுக்கும் நடுவில் தினம் பார்த்தார்கள்.

"அந்தக் கடலு நம்ம மகாபலிபுரம் மாதிரியே கீதுல்ல? குப்ப மட்டும் இல்ல" என்பாள் ஜெஸ்ஸி.

அவளுக்கு அது பொழுதுபோக்கு. அவனுக்கு அது பைத்தியமாகிவிட்டது. அதே மாதிரி தொடர்களாகத் தேடித் தேடிப் பார்க்க ஆரம்பித்தான். பக்கத்து பெஞ்சுப் பெண் கிண்டலடிக்கிற கதை, எதிர்வீட்டுப் பெண் கிண்டலடிக்கிற கதை, லைப்ரரியில் சீனியர் பெண் கிண்டலடிக்கிற கதை என்று எதையும் விடவில்லை.

"இதுல அப்படி இன்னாடா கீது? ஒண்ணுமே நடக்க மாட்டேங்குது" என்று ஒருநாள் கேட்டாள்.

"ஒண்ணும் நடக்காததுதான் கெத்து."

அதற்கு மேல் அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் உள்ளே தெரிந்திருந்தது. நம்மூர்க் கதையில் ஒருத்தன் ஒருத்தியைப் பார்த்துவிட்டால் அடுத்த காட்சியில் அவள் அப்பன் வந்துவிடுவான். என்ன ஆள், எந்தத் தெரு, எந்தச் சபை என்று கேள்வி வந்துவிடும். கடைசியில் தண்டவாளத்துச் சாவோ மாமியார் வீடோ எதையாவது காட்டித்தான் விடுவார்கள். அந்தக் கடலோர ஊரில் யாருக்கும் அப்பனே இல்லை. ஒரு குடைக்குள் இரண்டு பேர் நடந்து வருவதற்கு ஒரு முழு எபிசோட். நெற்றியில் ஒரு சொட்டு வியர்வை உருள்வதற்கு அரை நிமிஷம். அடுத்த நாள் மறுபடி அதே அறை, அதே மைக், எதுவும் கெட்டுப்போயிருக்காது.

இன்னொன்றும் இருந்தது. ஒருத்தனைக் கிண்டலடிக்க வேண்டுமென்றால் அவனை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். எப்படி நடக்கிறான், எதற்குப் பயப்படுகிறான், எந்த வார்த்தையில் தடுக்குகிறான் என்று கவனம் வேண்டும். கண்ணாடிக் கட்டடத்தில் ஜோயலை அப்படிப் பார்க்க ஆள் இல்லை. அவர்கள் தங்களுக்குள் ஒருத்தரை ஒருத்தர் பட்டப்பெயர் வைத்து வாரிக்கொள்வார்கள். இவனிடம் மட்டும் "ஹாய் ஜோயல், தேங்க்யூ ஜோயல்." ஒருமுறை சாப்பிடும்போது ஒருவன், திருப்போரூரில் எந்தப் பக்கம் என்று கேட்டான், இவன் காலனி ஸ்டாப்பிங் பெயரைச் சொன்னான். அன்றிலிருந்து அந்த மரியாதை இன்னும் கொஞ்சம் கூடிவிட்டது. கெட்ட வார்த்தையில் திட்டினால்கூடத் தாங்கியிருப்பான். அந்த மரியாதை அவனைச் சுற்றிப் போட்ட வேலி மாதிரி இருந்தது. உலகத்தில் அவனை "லூசு" என்று கூப்பிட ஒரே ஒருத்திதான் இருந்தாள்.

தொடரில் பார்க்கிறவனுக்கு எல்லாம் தெரியும். அந்தப் பெண் ஏன் கிண்டலடிக்கிறாள் என்று அந்த மக்குப் பையனைத் தவிர எல்லோருக்கும் தெரியும். ஜோயல் அதைப் பாடமாகவே படித்துவிட்டான். கிண்டலடிக்கிறாள் என்றால் பிரியம், பிரியத்தை வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை, சொன்னால் கெட்டுவிடும், நாளைக்கும் பஸ் வரும், நாளைக்கும் பை இருக்கும். பாடத்தில் முதல் பாதி சரிதான். மீதியை எந்த நேரத்தில் எழுதினார்களோ, அதை நம்பித்தான் இவன் குடி முழுகிப்போனது.

அந்தக் காலையில் அவன் நொண்டாமல்தான் வந்தான். கூட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை. ஜெஸ்ஸி யாரிடமும் எதுவும் சொல்லி வைத்திருக்கவில்லை. பையை மட்டும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். தொடர் ஓட ஆரம்பித்தது. ஏரியைத் தாண்டும்போது அதை நிறுத்தினாள்.

"டேய், கொஞ்சம் வெளாடாம கேளு."

"சொல்லு."

"அப்பா ஒரு எடம் பாத்துகினு கீறாரு. அவரு ஆபீஸ்தான், அவருக்கு மேல வேல. நாகர்கோவிலு. நிதின்னு பேரு. ஞாயித்துக்கெழம வூட்டுக்கு வராங்க." வெளியே பார்த்துக்கொண்டு சொன்னவள், முகத்தைத் திருப்பி அவனை நேராகப் பார்த்தாள். "நீ இன்னா சொல்ற?"

அவள் கண்ணில் சிரிப்பு இல்லை. அந்தக் கண்ணை அவன் அதற்கு முன்னால் பார்த்ததே இல்லை, அதனால் பயந்துபோனான். வேண்டாம் என்று சொல்லு, எனக்கு நீ வேண்டும் என்று சொல்லு என்று உள்ளே ஒருத்தன் கதறினான். கூடவே இன்னொருத்தன், இதுவும் பந்தயம்தான், வாயைத் திறந்தால் தோற்றாய், ஏன், என்ன எதிர்பார்த்தாய் என்று கேட்டுவிட்டுச் சிரிப்பாள், நாளைக்குச் சொந்தம் பூரா சிரிக்கும் என்றான்.

"பாவம் அந்தாளு," என்றான் ஜோயல். "ஹெல்மெட் போட்டுகினு வரச் சொல்லு."

ஜெஸ்ஸி சிரித்தாள். ரொம்பச் சின்னச் சிரிப்பு. "அவ்ளோதானா?"

"வேணும்னா நானே நேர்ல போய் எச்சரிச்சுட்டு வரேன்."

அவன் காதிலிருந்த இயர்போனை அவள் மெதுவாக உருவினாள். இரண்டையும் தன் காதில் மாட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சிறுசேரி வரும்வரை திரும்பவில்லை. ஜோயல் பெரிதாகக் கவலைப்படவில்லை. தொடரிலும் இப்படி ஒரு எபிசோட் வரும். அவள் கோபித்துக்கொண்டு போவாள். அடுத்த எபிசோடில் எதுவும் நடக்காத மாதிரி மைக்கை அணைத்துக்கொண்டு நிற்பாள்.

மறுநாள் பக்கத்து சீட்டில் பை இல்லை. கறிகாய்க் கூடையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு அம்மா உட்கார்ந்திருந்தாள். ஜெஸ்ஸி அவனைப் பார்த்து, "எடம் புடிக்க முடியலடா" என்றாள். அதற்கடுத்த வாரம் அவளே பஸ்ஸில் இல்லை. கம்பெனி வேன் ஏற்பாடு செய்துகொண்டுவிட்டாள் என்று வீட்டில் அம்மா சொன்னாள். நிச்சயமாகிவிட்டது என்பதையும் அம்மாதான் சொன்னாள், மீன் கழுவிக்கொண்டே.

அம்மா செங்கம்மாள் ஜெபகுமாரின் அக்கா. ஜோயல் அடுப்படி வாசலில் வந்து நின்றான்.

"அம்மா, எனக்கு ஜெஸ்ஸியக் கேளும்மா."

"ஆமாண்டா, கேக்கறேன். தட்டு பழம் எல்லாம் வாங்கியாந்து வச்சுகினு கேக்கறேன்."

"நெசமாத்தாம்மா சொல்றேன். எனக்கு அவதான் வேணும்."

செங்கம்மாள் மீனை விட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "ஐயோ, எம்புள்ள மூஞ்சப் பாரேன். இரு, உங்க மாமன் கைல சொல்றேன்." ஈரக் கையாலேயே போனை எடுத்து ஜெபகுமாருக்குப் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, நடந்ததை அவன் குரலிலேயே நடித்துக் காட்டினாள். போனில் மாமன் சிரித்த சிரிப்பில் தட்டுமுட்டுச் சாமானெல்லாம் அதிர்ந்தது.

"மாப்ள! சூப்பர் மாப்ள! இதே மாதிரி கல்யாணத்தன்னிக்கு வாசல்ல நின்னு அழுவணும், இன்னா? நீதான் மொற மாப்ள. வேற எவனையும் வுடமாட்டேன்."

பிறகு ஜெஸ்ஸிக்கும் போன் செய்து பார்த்தான். செய்யாமல் இல்லை. அவள் எடுத்து, "சொல்லுடா" என்றாள். அந்த ஒரு சொல்லில் அவன் நினைத்து வைத்திருந்த எல்லாம் ஓடிப்போயிற்று. "இன்னா கல்யாணப் பொண்ணே, வெக்கப்படக் கத்துகினியா?" என்று வாய் தானாகப் பேசியது. பேசி முடித்தபிறகு நெற்றியில் அறைந்துகொண்டான். வாயைக் குற்றம் சொல்லியும் பயனில்லை. பிறந்ததிலிருந்து அதற்கு யாரும் வேறு பேச்சைச் சொல்லித்தரவில்லை.

அந்த வாசல் சமாச்சாரம் என்னவென்றால், அவர்கள் சொந்தத்தில் மாப்பிள்ளை வீட்டார் பெண்ணைக் கோயிலுக்கு அழைத்துப்போக வரும்போது, பெண்ணின் முறை மாப்பிள்ளை வாசலில் துண்டைக் குறுக்கே பிடித்து வழி மறிப்பான். என்னைக் கேட்காமல் என் பெண்ணை எப்படிக் கூட்டிப்போவாய் என்பான். அழுவான், மிரட்டுவான், தரையில் விழுந்து புரள்வான். மாப்பிள்ளை வீட்டார் அவன் தோளில் புது வேட்டி துண்டு போட்டு, கன்னத்தில் சந்தனம் தடவிச் சமாதானம் செய்தால்தான் துண்டு விலகும். எவன் நன்றாக அழுகிறானோ அவனுக்குக் கைதட்டல். செத்துப்போன ஒரு சித்தப்பா அழுத அழுகையை இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள்.

ஜோயல் யோசித்துப் பார்த்தான். அவனைக் கேட்காமல் அவளைக் கூட்டிப்போக முடியாது என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒரே இடம் அந்த வாசல்தான். அங்கே உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தான். அழக்கூடாது, புரளக்கூடாது, சும்மா சொல்ல வேண்டும். அதற்கப்புறம் மாமன் அடித்தாலும் சரி, ஆயர் வெளியே போ என்றாலும் சரி.

கல்யாணத்தன்று காலையில் குவார்ட்டர்ஸ் வாசலில் பேண்டு வாத்தியம் அலறிக்கொண்டிருந்தது. பூச்சுற்றிய கார் வந்து நின்றது. நிதின் இறங்கினான், நல்ல பையன், கோட்டுக்குள் வியர்த்துக்கொண்டிருந்தான். ஜெஸ்ஸியை வெள்ளைப் புடவையில், தலையில் வலையோடு, இரண்டு பெண்கள் கைபிடித்து அழைத்துவந்தார்கள். "மொற மாப்ள எங்கடா? துண்டப் புடிங்கடா" என்று ஜெபகுமார் கத்தினார். ஜோயலை நாலு கைகள் பிடித்து முன்னால் தள்ளின. பேண்டுக்காரர்களை நிறுத்தச் சொல்லிவிட்டு, எல்லோரும் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்கள்.

ஜோயல் துண்டை வாசலுக்குக் குறுக்கே பிடித்தான்.

"இவள இட்டுகினு போவாதீங்க," என்றான். "எனக்கு இவளப் புடிக்கும். சின்ன வயசுலருந்து புடிக்கும். இவ இல்லன்னா எனக்கு யாரும் இல்ல."

அவன் அழவில்லை, புரளவில்லை, குரல்கூட உயரவில்லை. நிதினின் முகம் மாறிவிட்டது. அவன் ஊரில் இந்த வழக்கம் கிடையாது. அவனிடம் யாரும் சொல்லியும் வைக்கவில்லை. ஜோயல் சொன்னதை அவன் அப்படியே நம்பிவிட்டான். அத்தனை கூட்டத்தில் நம்பியவன் அந்த வெளியூர்க்காரன் ஒருத்தன்தான்.

"நெஜமாவா சொல்றீங்க?" என்று கேட்டான்.

"நெசமாத்தான்."

வாசலே வெடித்துச் சிரித்தது. கைதட்டல், விசில். "யப்பா, இன்னா ஆக்டிங்!" "சித்தப்பாவே தோத்தாரு போ!" ஜெபகுமார் சிரித்துக்கொண்டே நிதினின் தோளில் கை போட்டு, "வெளாட்டு மாப்ள, இது எங்க சைடு வழக்கம். பயந்துட்டியா?" என்றார். நிதின் மூச்சை விட்டான், அவனும் சிரித்தான். "நெசமாத்தான் மாமா" என்று ஜோயல் இன்னொரு முறை சொன்னான். இன்னும் பெரிய சிரிப்பு. "நெசமாத்தான்" என்று கத்தினான். செங்கம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "போதுண்டா, முடியல" என்றாள். யாரோ அவன் தோளில் புது வேட்டியையும் துண்டையும் போட்டார்கள். யாரோ கன்னத்தில் சந்தனத்தை அப்பினார்கள். கையிலிருந்த துண்டு எப்போது போயிற்று என்று தெரியவில்லை. பேண்டு மறுபடி ஆரம்பித்தது.

கூட்டம் அவனைத் தாண்டிப் போகும்போது ஜெஸ்ஸியைப் பார்த்தான். அவள் சிரிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு காரில் ஏறினாள்.

கோயிலில் ஆயர், இந்த விவாகத்துக்கு யாருக்காவது ஆட்சேபணை உண்டா என்று வழக்கம்போலக் கேட்டார். முன்வரிசையிலிருந்த சித்திகள் திரும்பி ஜோயலைப் பார்த்துக் கண்ணடித்தார்கள். அவன் எழுந்திருக்கவில்லை. எழுந்தால் ஆயரும் சிரித்துவிடுவார் என்று இருந்தது.

மதிய விருந்து மாமல்லபுரத்தில், கடலுக்குப் போகிற ரோட்டில் ஒரு மண்டபத்தில். பிரியாணி வாசனைக்கு நடுவே மேடையில் வரிசை நகர்ந்துகொண்டிருந்தது. முறை மாப்பிள்ளை பெண்ணுக்கு அந்தப் பக்கம் நின்று தனியாக ஒரு போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அவனைப் பிடித்து ஏற்றிவிட்டார்கள். கன்னத்தில் சந்தனம் காய்ந்து இழுத்துக்கொண்டிருந்தது. நிதின் அவன் கையைக் குலுக்கி, "காலைல நல்லா ஏமாத்திட்டீங்க" என்றான். அதற்குள் யாரோ பெரியவர் நிதினைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

ஜெஸ்ஸி கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே பேசினாள். சிரிப்பு மாறவே இல்லை, உதடு மட்டும் கொஞ்சம் அசைந்தது.

"இத்த அன்னிக்கு பஸ்ஸுல சொல்றதுக்கு உனக்கு இன்னாடா கேடு?"

ஜோயல் கேமராவை விட்டு அவள் பக்கம் திரும்பினான்.

"வெளாடாம கேளுன்னு சொல்லிட்டுதானே கேட்டேன்? எங்கப்பா கால்ல வுழுந்தாவது நிறுத்திருப்பேன்டா. நீ ஒரு வார்த்த சொல்லுவியான்னு சிறுசேரி வரிக்கும் காத்துகினே வந்தேன்."

"காலைல சொன்னேனே ஜெஸ்ஸி."

"காலைல வந்து சொன்னா நான் எங்கடா போவேன்?"

"சார், மொற மாப்ள சார், கொஞ்சம் சிரிங்க," என்றார் போட்டோகிராபர். "ஏன் சார் இப்படி உம்முன்னு? பொண்ணு எவ்ளோ அழகா சிரிக்குது பாருங்க."

ஜோயல் சிரித்தான். வெளிச்சம் ஒருமுறை அடித்தது, இன்னொரு முறை அடித்தது. "தேங்க்ஸ், வந்ததுக்கு. சாப்ட்டுட்டுப் போங்க" என்றாள் ஜெஸ்ஸி. வரிசையில் வந்த எல்லோரிடமும் சொன்ன அதே வார்த்தை, அதே மரியாதை. அடுத்த குடும்பம் மேடை ஏறியது.

திங்கட்கிழமை காலையில் பஸ்ஸில் ஜன்னலோர சீட் காலியாகவே கிடைத்தது. ஜோயல் உட்கார்ந்து, பழக்கத்தில் பையைப் பக்கத்தில் வைத்தான். "யாராவது வராங்களா தம்பி?" என்று ஒருவர் கேட்டார். இல்லை என்று பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். போனைத் திறந்தால், இரண்டு பேருக்கும் ஒரே கணக்கு, சேர்ந்து பார்த்து நிறுத்திய இடத்திலேயே தொடர் நின்றிருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அந்தப் பெண் வாயைத் திறந்தபடி நின்றாள். அந்தப் பையனை ஓங்கி அறைய வேண்டும் போலிருந்தது. மூடிவிட்டான்.

சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் வாசல் வீடியோ வந்திருந்தது. அவன் துண்டைப் பிடித்துக்கொண்டு "நெசமாத்தான்" என்று கத்துவதை வெட்டி, பாட்டு சேர்த்து, யாரோ மறுபடி மறுபடி ஓடுகிற மாதிரி செய்திருந்தார்கள். அதற்குக் கீழே சிரித்துச் சிரித்துக் கண்ணீர் விடுகிற மஞ்சள் பொம்மைகள் வரிசையாக நின்றன. அம்மா போட்டிருந்தாள். மாமன் போட்டுவிட்டு, "எங்க மாப்ளய அடிச்சிக்க ஆளே இல்ல" என்று எழுதியிருந்தார். ஜெஸ்ஸி பார்த்துவிட்டாள் என்று காட்டியது. அவள் எதுவும் போடவில்லை.

"இன்னாடா ஜோயலு, ஆளையே காணோம்? கோச்சுகினியா?" என்று ஒரு சித்தி கேட்டிருந்தாள்.

கேளம்பாக்கம் நெரிசலில் பஸ் நின்றுகொண்டிருந்தது. ஜோயலும் ஒரு சிரிக்கிற பொம்மையைப் போட்டான்.